வளாகத்தில் திரையிடலும் வீதி நாடகமும்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

"நடத்துங்க தம்பி, பார்த்துக்கலாம்" என்று துறைத்தலைவர் தாழ்வாரத்தில் சொன்னால் அது அனுமதி ஆகாது. மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தால் அவரே "எனக்குத் தெரியாது" என்பார். கல்லூரிகளில் அரசியல் நிகழ்ச்சியை நிறுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் கருத்தில் கை வைப்பதில்லை. கடிதத்தில்தான் ஓட்டை தேடுவார்கள்.

அதனால் கடிதத்தைக் குறைந்தது 15 நாளுக்கு முன்பே கொடுங்கள். இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், விருந்தினர் பெயர்கள், படத்தின் பெயரும் நீளமும், மைக் உண்டா, வெளியாட்கள் எத்தனை பேர் என எல்லாம் அதில் இருக்கட்டும். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகரக் கூடாது. கடைசி நேரத்தில் பேச்சாளர் மாறினால் அதற்கும் ஒரு கூடுதல் கடிதம் வேண்டும். கடிதத்தில் இல்லாத ஒருவர் மேடையேறுவது அரங்கைப் பூட்ட நல்ல சாக்கு.

அடுத்த சறுக்கல் போஸ்டரில். "பல்கலைக்கழகம் வழங்கும்" என்று போடுவதும், முத்திரைச் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும் சின்ன விஷயமாகத் தெரியும். 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானபோது, நிறுவனத்தின் பெயரை அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைத்தான் நிர்வாகம் கையில் எடுத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஜூன் மாதத்தில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. உங்கள் கல்லூரிக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அமைப்பின் பெயரை மட்டும் போடுங்கள்.

அதே போஸ்டரில் "அனைவரும் வருக" என்று எழுதுவது இன்னொரு வம்பு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்வி நிறுவனச் செயல்பாட்டின் பகுதியாகப் படம் காட்ட விலக்கு தருகிறது. ஆனால் பார்வையாளர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஊரையே அழைப்பதானால் படத்தின் உரிமை வைத்திருக்கும் இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஆவணப்பட இயக்குநர்கள் பலர் மாணவர்களுக்கு மறுப்பதில்லை.

திரையிடல் நாளில் சொதப்புவது பெரும்பாலும் வெளிச்சமும் ஒலியும். நான்கு மணிக்கு, திரைச்சீலை இல்லாத வகுப்பறையில், எந்த புரொஜக்டரும் இருட்டுக் காட்சியைக் காட்டாது. சாதாரண புரொஜக்டரில் 8 அடி அகலப் படம் வேண்டுமென்றால் ஏறக்குறைய 12 அடி தள்ளி வைக்க வேண்டும். அந்த தூரத்துக்குக் கேபிள் எட்டுமா என்று முதல் நாளே அளந்து பாருங்கள். லேப்டாப்பின் ஸ்பீக்கரை நம்பி 60 பேரை உட்கார வைக்காதீர்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும். வாட்ஸ்அப்பை மூடிவிட்டுப் படத்தை ஓட்டுங்கள். குடும்ப குரூப்பின் காலை வணக்கம் திரையில் பத்தடி அகலத்துக்கு விரிவதைப் பார்க்க யாரும் வரவில்லை.

நாடகத்துக்கு விளக்குப் போடுபவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 15 ஆம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 3,450 வாட்தான் தாங்கும். 1,000 வாட் விளக்கு நான்கை அதிலேயே செருகினால் முக்கியமான காட்சியில்தான் டிரிப் ஆகும். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் ஊளையிடும்.

வீதி நாடகத்துக்கு மைக்கே வேண்டாம். 20 நிமிடத்துக்குள் முடித்து, முதல் இரண்டு வரிசையைத் தரையில் உட்கார வைத்தால் பின்னால் நிற்பவருக்கும் தெரியும். கேன்டீன் ஜெனரேட்டர் பக்கத்தில் மட்டும் வட்டம் போடாதீர்கள்.

தோல் பறை வைத்திருக்கும் குழு வருகிறது என்றால் நெருப்புக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். வைக்கோல், பழைய தாள் கொளுத்திக் காய்ச்சினால்தான் கணீரென்று வரும். இதைக் கடிதத்தில் எழுதாவிட்டால் செக்யூரிட்டி வாளித் தண்ணீரோடு ஓடிவருவார். கலைஞர்களுக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது பெரிய அசிங்கம். சன்மானம், பயணப்படி, சாப்பாடு மூன்றையும் அழைக்கும்போதே தொகையாகச் சொல்லிவிடுங்கள்.

நேரத்தில் அலட்சியம் வேண்டாம். ஆறு மணி என்று போட்டு ஏழுக்குத் தொடங்கினால், கேட் மூடும் நேரத்துக்குப் பயந்து விடுதிப் பெண்கள் விவாதம் தொடங்கும்போதே எழுந்து போவார்கள். பிறகு மேடையிலும் கீழேயும் ஆண்கள்தான் மிஞ்சுவார்கள். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் 9.30க்கு முடிப்பதாகத் திட்டமிடுங்கள். கேள்வி நேரத்தில் மைக்கைக் கைமாற விடாமல் தொண்டர் ஒருவரே பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கேள்வி பேருரையாக மாறும்போது மைக் அவர் கையில்தானே இருக்கும்.

முடிந்ததும் சுவரில் மைதாப் பசையோடு ஒட்டிய போஸ்டரை அன்றைக்கே ஈரத்துணி வைத்துக் கிழியுங்கள். நாற்காலிகளை எண்ணி, சாவியை ஒப்படைத்து அலுவலக நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கடிதம் போகும்போது அலுவலகத்தில் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.