கைக்குழந்தையைத் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால்

பாப்பாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம், நல்ல ஐப்பசி மழை. வியாழக்கிழமை மூக்கு ஒழுகியது, வெள்ளிக்கிழமை இருமல், ஞாயிறு ராத்திரி பால் குடிக்க வாய் வைத்தவள் நாலு மிடறு குடித்ததும் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்புக்கு அடியில் ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. பிராங்கியோலைடிஸ் என்றார்கள். நுரையீரலின் நுனியில் இருக்கும் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள் வைரஸால் வீங்கிச் சளி அடைத்துக்கொள்வது. பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் காரணம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்த ஆறு நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் பச்சைக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சில் குழி விழுவது, மூச்சு விடும்போது முனகுவது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாதது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது என்றால் யோசனையே வேண்டாம், 108தான். மழையில் பைக்கில் கூட்டிக்கொண்டு போகிற வேலையெல்லாம் வேண்டாம், வருகிற வண்டியில் ஆக்சிஜன் இருக்கும்.

கிளம்பும் முன் போனில் அரை நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் நெஞ்சு தெரிகிற மாதிரி. வீட்டில் அப்படி இழுத்த குழந்தை டாக்டர் முன்னால் சிரித்துக்கொண்டு இருக்கும், நாம் சொல்வது நமக்கே பொய் மாதிரித் தோன்றும்.

எங்கள் மாமியார் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கலாம் என்றார், அத்தை மூக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னார். அன்பில் சொல்வதுதான், ஆனால் இரண்டுமே வேண்டாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகும், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். சாம்பிராணிப் புகையும் இப்போது கூடாது. திருஷ்டி சுற்றிப் போடுவதென்றால் சுற்றிப் போடட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை. பாராசிட்டமால் கொடுக்கும்போது டிராப்ஸா சிரப்பா என்று லேபிளைப் பாருங்கள்: டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து, சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. சிரப்பின் அளவில் டிராப்ஸை ஊற்றினால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். கொடுத்த நேரத்தையும் அளவையும் எழுதி வையுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

கிளம்பும்போது கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியவை: தடுப்பூசி அட்டை, குழந்தையின் கடைசி எடை எழுதிய சீட்டு, காப்பீட்டு அட்டை, சார்ஜர், உங்களுக்கு ஒரு போர்வை. போர்வையை நான் மறந்தேன். ஏசி வார்டில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு இரண்டு ராத்திரி!

உள்ளே போனதும் மனசை உடைப்பது ஊசிதான். கொழுகொழு கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று நாலு இடத்தில் குத்துவார்கள். என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன், என் கணவர் உள்ளே நின்றார். அதற்காகப் பின்னால் குற்றவுணர்ச்சிப் பட்டது வீண். அழுதுகொண்டு பக்கத்தில் நிற்பதைவிட, முடிந்ததும் வாங்கி அணைத்துக்கொள்ளத் தெம்பாக ஒருவர் இருப்பது நல்லது.

அப்புறம் அந்த மானிட்டர். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சாச்சுரேஷன் எண் 96, 91, 78 என்று குதிக்கும்போது உயிர் போய் உயிர் வரும். குழந்தை காலை உதைத்தால் பாதத்தில் ஒட்டிய கம்பி நழுவும், எண்ணும் விழும். முதலில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பத்து தடவை ஆனாலும் சரி, தயங்க வேண்டாம்.

இந்த நோயில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் மோசமாக இருக்கும் என்று எங்களுக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். சேர்த்த மறுநாள் இன்னும் அதிகமானதும் மாமா, "ஏன் ஆன்டிபயாடிக் போடவில்லை?" என்று டியூட்டி டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டார். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஆக்சிஜன், சளி உறிஞ்சுவது, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது, வைத்தியம் அவ்வளவுதான். எங்கள் பாப்பாவுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப் போட்டு, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை அதில் விட்டார்கள். குடிக்கவில்லையே என்று பீய்ச்சாமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பாலும் குறையும். மூன்று மணிக்கொரு தரம் பீய்ச்சுங்கள். சாதாரண அறையில் நாலு மணி நேரம் வரை கெடாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். எத்தனை மில்லி பால், எத்தனை ஈர டயப்பர், எப்போது காய்ச்சல், டாக்டரிடம் கேட்க வேண்டியது என்று எல்லாம் அதில். ரவுண்ட்ஸ் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. நேற்றைக்கு இன்று பரவாயில்லையா, இன்று என்ன மாறப்போகிறது, எது நடந்தால் வீட்டுக்கு அனுப்புவீர்கள், இந்த மூன்றை மட்டும் தினமும் கேட்டேன்.

தூக்கத்தை முறை போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறேன் என்பவர்களைச் சாப்பாடு மட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சளி இருப்பவர் வாசலோடு சரி. போனில் பதில் சொல்லும் வேலையைச் சித்தப்பாவோ மாமாவோ யாராவது ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பணம்: தனியார் காப்பீடு என்றால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடுவது நல்லது, குழந்தையின் பெயர் பாலிசியில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பல பாலிசிகளில் அது தானாக ஏறாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷன் போடும்போதே காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அதற்கென்று கடையில் இருமல் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள், இரண்டு வயதுக்குள் அது கூடவே கூடாது. பாலுக்கு முன் உப்புநீர் மூக்குச் சொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், அது போதும். எங்களுக்குப் பதினெட்டாம் நாள்தான் இருமல் நின்றது. அதுவரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சட்டையைத் தூக்கி எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறேன்: 38, 36, 36, 34.