வாட்ச் வாங்க முதல் உள் கொண்டியைக் கழற்றுங்கள்: வயசானவர்கள் விழுந்தால் உதவி வர வைக்கும் வழிகள்

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற பிள்ளைகள், கொழும்பில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு முதலில் வாங்கி அனுப்புவது விழுந்தால் அறிவிக்கும் வாட்ச்தான். நல்ல சாமான், குறை சொல்லவில்லை. ஆனால் அது இரவு இரண்டு மணிக்குக் கத்தினால் யார் வருவது, வந்தவர் எப்படி உள்ளே போவது? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃபிளாட்டுகளில் பலர் கள்ளர் பயத்தில் உள் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார்கள், பிறகு பக்கத்து வீட்டில் திறப்பு கொடுத்து வைத்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் முதல் வேலை அந்தக் கொண்டியைக் கழற்றுவது. பயம் போகாது என்றால் இலக்கம் அழுத்தித் திறக்கும் எலக்ட்ரோனிக் பூட்டுப் போடுங்கள். பட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் திறக்கும், அவசரத்தில் இலக்கத்தை போனில் சொல்லிவிட்டு மறுநாள் மாற்றிவிடலாம். பட்டரி செத்தாலும் திறக்கிற மாதிரி சாதாரணத் திறப்புத் துவாரமும் இருக்கிற மொடலாகப் பாருங்கள். பாத்ரூம் கதவிலும் உள்ளே பூட்டு வேண்டாம். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது என்றால் விழுந்தவரின் உடம்பே அதை மறித்துக்கொள்ளும், எனவே தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். இரவில் பாத்ரூம் போக எழும்பும்போது விழுவது நிறைய. படுக்கையிலிருந்து சட்டென எழும்பினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், நித்திரைக் குளிசை போடுகிறவர் என்றால் இன்னும் மோசம். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் சென்சர் லைட்டுகளைக் கட்டில் காலடியில் ஒன்று, வழியில் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று என்று முழங்காலுக்குக் கீழே ஒட்டுங்கள். மஞ்சள் வெளிச்சம் போதும், வெள்ளை கண்ணைக் கூசும். யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றுவதே நல்லது, கரண்ட் வெட்டு வந்தாலும் எரியும். ஒரு விஷயம், இந்த சென்சர்கள் உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கின்றன. கொழும்பு வெக்கையில் அந்த வித்தியாசம் குறைவு, அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் தூரத்தை நம்பாமல் இரவில் நீங்களே நடந்து பாருங்கள்.

மூன்றாவது, மலிவான வயர்லெஸ் வாசல் மணி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் சும்மா நடந்தாலே கிடைக்கும். இதைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும்: பொத்தான் உங்கள் வீட்டுக்குள்ளே, மணி பக்கத்து ஃபிளாட் பிளக்கில். பக்கத்து வீட்டு அன்ரியிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கொங்கிறீட் சுவரைத் தாண்டி சிக்னல் போகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். பொத்தானை நிற்கிற உயரத்தில் ஒட்டாதீர்கள். விழுந்து கிடப்பவர் கை நீட்டினால் எட்ட வேண்டும், அதாவது தரையிலிருந்து ஓர் அடிக்குள். கட்டிலடியில் ஒன்று, பாத்ரூமில் தண்ணீர் படாத மூலையில் ஒன்று.

இப்போது வாட்ச். அப்பிள் வாட்ச்சில் 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் இந்த வசதி இருக்கிறது, சாம்சுங் கலக்ஸி வாட்ச்சுகளிலும் இருக்கிறது. திடீர்ச் சரிவு, பலத்த அடி, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் விழுந்ததாக முடிவெடுக்கும். கதிரையிலிருந்து மெதுவாக வழுக்கி இறங்கினால் அதற்குத் தெரியாமலே போகலாம், தேங்காய் உடைக்கிற வேகத்தில் வீணாகக் கத்தவும் கூடும். அப்பிளில் பிறந்த திகதியைச் சரியாகப் போட்டு வயது 55ஐத் தாண்டியிருந்தால் தானாகவே ஓன் ஆகும், மற்றதில் செட்டிங்கில் போய்த் தேடி ஓன் பண்ண வேண்டும். விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையவில்லை என்றால் அப்பிள் வாட்ச் தானே அவசர அழைப்பு எடுத்து, நீங்கள் பதிந்து வைத்தவர்களுக்கு இடத்தோடு மெசேஜ் அனுப்பும். அந்தப் பெயர்களை ஐபோனில் ஹெல்த் அப்பில் பதியாவிட்டால் யாருக்கும் மெசேஜ் போகாது, பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது இதுதான். சிம் இல்லாத மொடல் என்றால் போன் அருகில் இருக்க வேண்டும்.

ஆனால் உண்மையான பிரச்சினை, அதை எப்போதும் கையில் கட்டியிருக்கவும் பயன்படுத்தவும் வைப்பதுதான். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்றில், விழுந்த 90 வயது தாண்டியவர்களில் 30 வீதமானோர் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். பலரிடம் உதவிக்குக் கூப்பிடும் அலாரம் இருந்தது, நீண்ட நேரம் கிடந்த வேளைகளில் பெரும்பாலும் அதைப் பயன்படுத்தவே இல்லை. நம் ஆட்களும் அப்படித்தான், “பிள்ளைகளுக்கு ஏன் கரைச்சல்” என்று பேசாமல் கிடப்பார்கள். இரவில் வாட்ச்சைக் கழற்றி சார்ஜில் போடுவது அடுத்த பிழை, அந்த நேரத்துக்குத்தானே அது வேண்டும்? பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நாடகம் பார்க்கும் நேரத்தை சார்ஜ் நேரமாக்குங்கள். குளிக்கும்போதும் கையில் இருக்கட்டும், தண்ணீர் தாங்கும் மொடலா என்று மட்டும் பாருங்கள்.

வாட்ச்சுக்குக் காசில்லை என்றால், புதிய அண்ட்ரொய்ட் போன்களில் பவர் பொத்தானை ஐந்து தரம் அழுத்தினால் அவசர உதவி போகிற மாதிரி வைக்கலாம். சாரத்திலும் சோட்டியிலும் பொக்கற் இல்லையே, கழுத்தில் தொங்கும் சின்னத் துணிப்பை ஒன்று தைத்துக் கொடுங்கள். கமரா பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஹோலில் ஒன்று போதும், படுக்கையறையில் வைக்க அவர்கள் சம்மதிக்காவிட்டால் வைக்காதீர்கள், சொல்லாமல் வைப்பது அதைவிட அநியாயம்.

வைஃபையை நம்பியிருக்கிற எதுவும் கரண்ட் போனால் செத்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அதற்குப் பிறகு ரவுட்டருக்கான குட்டி யூபிஎஸ் எங்கும் கிடைக்கிறது. வாங்கும் முன் ரவுட்டர் அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதை நேரம் பார்த்துத் தீர்மானியுங்கள். இங்கே அதிகாலை இரண்டு மணி என்றால் டொரொண்டோவில் பின்னேரம், அங்கே இருக்கிற மகள் முழித்திருப்பாள். ஆனால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அங்கிருந்து அந்த நாலு இலக்கத்தை அடித்துக் கூப்பிட முடியாது. எனவே பக்கத்து வீட்டு நம்பரும் கீழே காவல் நிற்கும் வோச்சரின் நம்பரும் அவளிடம் இருக்க வேண்டும். 1990 இலவசம். ஒழுங்கையின் பெயரோடு காலி வீதியில் எந்தக் கடைக்கோ கோயிலுக்கோ பக்கத்தால் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது.

வந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. இடுப்போ காலோ வலித்தால், தலை அடிபட்டிருந்தால், அப்படியே படுக்க வைத்து அம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வோர்பரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கிற மருந்து எடுப்பவருக்குத் தலையில் அடி என்றால், ஆள் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்த பிறகு ஒருநாள் நீங்களே தரையில் படுத்து, மணியை அழுத்தி, யார் எத்தனை நிமிடத்தில் உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். பட்டரிகளைப் போயா நாளில் சோதிக்கலாம், மாதம் ஒருமுறை லீவு, மறக்காது.