டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குவது எப்படி? எடையையும் சேர்த்துக் கவனிப்போம்

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், மூட்டு அதிகம் வளையும். சும்மா நிற்பதற்கே கூடுதலாக உழைக்க வேண்டும். எடையும் ஏறிவிட்டால் விழுந்துவிடும் பயத்தில் உட்கார்ந்தே இருப்பார்கள். உட்கார உட்கார எடை இன்னும் ஏறும். இந்தப் பயிற்சி, தானாக நடக்கும் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு.

1. முதலில் டாக்டர்

தைராய்டு குறைந்தால் எடை கூடும், சோர்வு வரும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பாருங்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. இதய டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். கழுத்தெலும்பின் பிடிமானமும் தளர்ந்திருக்கலாம் என்பதால் குட்டிக்கரணம் கூடாது. கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நன்றாக நடந்த பிள்ளை தடுமாறுவது, மீண்டும் உடையில் சிறுநீர் போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

2. அளவெடுங்கள்

மாதம் ஒருமுறை போதும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் (இதுதான் பி.எம்.ஐ.): 24 கிலோ, 110 செ.மீ. என்றால் 24 ÷ (1.1 × 1.1) = 19.8. அந்த வயதுக்கான அட்டவணையில் இது எங்கே விழுகிறது என்று டாக்டர் சொல்வார். எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இவர்கள் உயரம் குறைவு. வயதுக்கேற்ற எடை போலத் தெரிவதே அதிகமாக இருக்கலாம்.

3. சாப்பாடு

பட்டினி போட வேண்டாம். பருப்பு, முட்டை, காய் அப்படியே இருக்கட்டும். பாலில் போடும் சர்க்கரை, பிஸ்கட், பொரித்தது குறையட்டும். எடை ஏறாமல் நின்று உயரம் வளர்ந்தாலே வெற்றிதான். பயிற்சிக்குப் பரிசாகத் தின்பண்டம் தராதீர்கள், கைதட்டுங்கள்.

4. ஒற்றைக்கால் பயிற்சி

வெறுங்கால், வழுக்காத தரை, பக்கத்தில் சுவர். 10 செ.மீ. உயரமுள்ள, ஆடாத பலகை ஒன்று. நீங்கள் எதிரே நின்று செய்து காட்டுங்கள். கேட்பதைவிடப் பார்த்துத்தான் இவர்கள் எளிதாகக் கற்பார்கள். "காலை வை" என்று இரண்டே சொல். சொன்ன பிறகு 10 வினாடி பொறுங்கள், அவசரப்படுத்தினால் பிள்ளை விலகிவிடும்.

ஒரு பாதத்தைப் பலகைமேல் வைத்தால் உடல் பாரம் மற்ற காலுக்குப் போகும். 5 வினாடி நிற்கட்டும், கால் மாற்றுங்கள். பிடிக்க வேண்டியது இடுப்பை. கையைப் பிடித்துத் தூக்கினால் தளர்ந்த தோள் மூட்டுக்கு ஆபத்து, பிள்ளையும் உங்கள்மேல் சாய்ந்து நிற்கவே பழகும்.

தவறு பெரும்பாலும் முட்டியில்தான் நடக்கும். தசையால் நிற்பதற்குப் பதில் முட்டியைப் பின்பக்கம் பூட்டி, மூட்டின்மேல் தொங்குவார்கள். முட்டிக்குப் பின்னால் விரலால் லேசாகத் தொடுங்கள், கால் சற்று மடங்கும். தொடையில் நடுக்கம் தெரிந்தால் தசை வேலை செய்கிறது. பாதம் உள்பக்கம் சரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காலணி பற்றிக் கேளுங்கள்.

தினம் 10 நிமிடம், வாரம் 5 நாள். பலகையோடு நன்றாக நின்றால் அதை எடுத்துவிட்டுச் சுவரில் ஒரு விரல் மட்டும். அடுத்தது விரலும் இல்லாமல் 3 வினாடி. அது வந்ததும் கைப்பிடிச் சுவருள்ள மாடிப்படிக்குக் கூட்டிப்போய், படிக்கு ஒரு காலாக மாற்றி மாற்றி ஏற விடுங்கள். நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள்.