தாராவித் தாத்தாவின் பூர்வீகம் தேட

பிழைக்க மும்பை வந்த தாத்தாவின் சொந்த ஊர் தெரியவில்லையா? அவருடைய பிள்ளைகள் படித்த பள்ளியில் தொடங்குங்கள். மகாராஷ்டிரத்தில் லீவிங் சர்டிபிகேட்டிலேயே (பள்ளியை விடும்போது தரும் சான்றிதழ்) பிள்ளை பிறந்த ஊர், சாதி, முன்பு படித்த பள்ளி எல்லாம் இருக்கும். தொலைந்திருந்தால் பள்ளியில் டூப்ளிகேட் கேளுங்கள். ஜெனரல் ரிஜிஸ்டர் எண் (பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மாணவரின் எண்) தெரிந்தால் வேலை சுலபம்.

தாத்தாவின் இறப்புப் பதிவு, உயிர் பிரிந்த இடத்து மாநகராட்சி வார்டில்தான் இருக்கும். வீட்டில் என்றால் தாராவிக்கு ஜி நார்த். ஆஸ்பத்திரியில் என்றால் அது இருக்கும் வார்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெயரும் மாறியிருக்கும்: தகப்பன் பெயர் நடுவில், சாதிப் பெயர் கடைசியில். ‘சுடலைமுத்து’வில் கிடைக்காதவர் ‘நாடார்’ வரிசையில் இருப்பார்.

ஊர் தெரிந்ததும் அங்குள்ள குடும்ப நிலத்தின் பத்திரங்களைப் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் புதையல்தான்: அண்ணன் தம்பிகள், இறந்தவரின் விதவை, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன், ‘தற்சமயம் பம்பாயில் வசிக்கும்’ என்ற விலாசம்வரை எழுதியிருப்பார்கள். நிலத்தின் சர்வே எண் கொண்டு வில்லங்கம் (அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டால் பத்திர எண் வரும். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பழைய தாளில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றிருந்தால், தூத்துக்குடி (1986), தென்காசி (2019) மாவட்டங்களிலும் ஊரைத் தேடுங்கள்.