இதயம், நுரையீரல் ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பைப் பற்றியோ மூச்சிரைப்பைப் பற்றியோ ஒரு புதிய ஆய்வு வெளிவந்தால், ஓரிரு நாளில் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிடுகிறது. அதைப் படித்துவிட்டுச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்துக்கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆய்வில் பிழை இருக்காது. ஆய்வு எதை எண்ணியது, யாரிடம் எண்ணியது, எதோடு ஒப்பிட்டது என்று பார்க்காமல் விடுவதில்தான் பிழை இருக்கும். இந்த மூன்றையும் கேட்கப் பழகினால் போதும், புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் ஆளும் நன்றாக இருப்பார் என்று நினைப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது, பல உயிர்களைக் குடித்ததும் இதுதான்.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் சிலருக்கு இதயம் நடுநடுவே தாளம் தப்பித் துடிக்கும். அப்படி அதிகமாகத் தப்புகிறவர்களுக்குத் திடீர் மரணம் வரும் வாய்ப்பும் அதிகம் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாளத்தைச் சீராக்க என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற மருந்துகள் இருந்தன. கொடுத்துப் பார்த்தால் ஈசிஜியில் தப்புத் துடிப்புகள் மறைந்தன. தப்புத் துடிப்பு ஆபத்து, மருந்து அதை நிறுத்துகிறது, எனவே மருந்து உயிரைக் காக்கும். இந்தக் கணக்கில் ஓட்டை இருப்பதாகப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 'கேஸ்ட்' என்ற ஆய்வில் இதைச் சோதித்தது. முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, யாருக்குத் துடிப்பு சீரானதோ அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989இல் இந்த இரண்டு மருந்துகளையும் ஆய்விலிருந்து பாதியில் நிறுத்தினார்கள். ஈசிஜி அழகாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். இந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், ஒவ்வொரு மருத்துவரும் தன் நோயாளியின் ஈசிஜியைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பார்.

நுரையீரலிலும் இதே கதை உண்டு. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்றைச் செலுத்துவது? உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லி கொடுத்த குழுவையும் 6 மில்லி கொடுத்த குழுவையும் 861 நோயாளிகளிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2000இல் வெளிவந்தது. முதல் சில நாட்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் நிலவரம் அதிகக் காற்று வாங்கிய குழுவில்தான் மேலாக இருந்தது. ஆனால் அந்தக் குழுவில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், குறைந்த காற்று வாங்கிய குழுவில் 31 சதவீதம். நோயுற்ற நுரையீரலை அதிகம் விரித்ததே அதைக் காயப்படுத்தியது.

ஆகவே 'கொழுப்பு குறைந்தது', 'அழுத்தம் இறங்கியது', 'வீக்கத்தைக் காட்டும் புரதம் குறைந்தது' என்ற செய்தியைப் பார்த்தால், அதற்கு மேல் ஒரு வரி தேடுங்கள். இறப்பு குறைந்ததா? மாரடைப்பு குறைந்ததா? மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்ததா? அந்த வரி இல்லையென்றால், சொல்ல வேண்டியதை அந்த ஆய்வு இன்னும் சொல்லவில்லை.

சதவீதத்தைப் பார்த்து, எதிலிருந்து குறைந்தது என்று கேட்காமல் விடுவது

'மாரடைப்பு ஆபத்து 31 சதவீதம் குறைகிறது' என்று தலைப்பு வந்தால், நூறில் 31 பேர் தப்பிப்பார்கள் என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் கொழுப்பு அதிகமாக இருந்த, அதுவரை மாரடைப்பு வராத 6,595 ஆண்களிடம், கொழுப்பைக் குறைக்கும் பிரவாஸ்டாட்டின் என்ற மாத்திரையை வைத்து நடந்த ஆய்வு 1995இல் வெளியானது. அதில் கிடைத்த எண் அந்த 31தான். விரித்துப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் ஐந்து ஆண்டுகளில் 7.9 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு. அதாவது ஆயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால் ஏறக்குறைய 24 பேர் தப்பிக்கிறார்கள்.

இதைப் படித்ததும் 'இவ்வளவுதானா, அப்போ மாத்திரை வேண்டாம்' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஏற்கெனவே மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்தவர்கள் 4,444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதே வகை மருந்தான சிம்வாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். அங்கே எண்ணியது இறப்பையே. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் பார்த்ததில் வெற்று மாத்திரைக் குழுவில் 256 பேரும் மருந்துக் குழுவில் 182 பேரும் இறந்திருந்தார்கள். சதவீதத்தில் சொன்னால் இதுவும் முப்பதை ஒட்டியதுதான். ஆனால் ஆபத்து அதிகம் உள்ளவருக்கு அதே 'முப்பது சதவீதம்' தரும் பலன் வேறு. உங்கள் ஆபத்து எவ்வளவு என்று தெரியாமல் செய்தியில் வரும் சதவீதத்தை உங்களுக்குப் பொருத்தவே முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர், கேட்க வேண்டியவர் நீங்கள்.

ஒப்பிட ஆள் இல்லாமல் 'குணமாகிவிட்டது' என்பதை நம்புவது

இருமல் தானாகவே நிற்கும். நெஞ்சுவலி சில மாதம் அதிகமாக இருந்து சில மாதம் தணியும். அதிகமாக இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் போகிறோம். அதனால் அவர் என்ன கொடுத்தாலும் அடுத்த மாதம் பலருக்குத் தேவலை என்றிருக்கும். 'என் சித்தப்பாவுக்குச் சரியானது' என்பதும், ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

1950களில் நெஞ்சுவலிக்கு மார்புக்கூட்டின் உட்புறம் ஓடும் ஒரு ரத்தக்குழாயைக் கட்டிவிடும் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் பிரபலமாக இருந்தது. செய்துகொண்டவர்கள் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். 1959இல் வெளியான ஓர் ஆய்வில் 17 பேரில் சிலருக்குக் குழாயைக் கட்டினார்கள், மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு குழுவிலும் வலி ஒரே மாதிரி குறைந்தது. அந்த அறுவை சிகிச்சை அதோடு வழக்கொழிந்தது.

அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் விஷயத்தில் இதே கேள்வியை 2017இல் பிரிட்டனில் கேட்டார்கள். 'ஆர்பிட்டா' ஆய்வில் 200 பேருக்கு முதலில் ஆறு வாரம் மருந்துகளைச் சரியாக அமைத்தார்கள். பிறகு பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைத்தது போல எல்லாம் செய்து ஸ்டென்ட் மட்டும் வைக்கவில்லை. ட்ரெட்மில்லில் நடக்கும் நேரத்தில் இரு குழுக்களுக்கும் இடையே சராசரி வித்தியாசம் 16.6 விநாடிதான், அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவு. 'ஸ்டென்ட் ஏமாற்று வேலை' என்ற வீடியோக்கள் இதற்குப் பிறகு நிறைய வந்தன. அவை இரண்டு விஷயங்களை விட்டுவிட்டன. ஆய்வில் இருந்தவர்கள் நடந்தால் வலி, நின்றால் சரியாகும் என்ற நிலையில் இருந்தவர்கள். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிரைக் காப்பாற்றும், அதை யாரும் மறுக்கவில்லை. அப்புறம், 2023இல் அதே குழு 301 பேரிடம், நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி உண்மையாகவே குறைந்தது. முதல் ஆய்வின் கேள்வி மருந்துக்கு மேல் ஸ்டென்ட் கூடுதலாக என்ன தரும் என்பது. இரண்டாவதின் கேள்வி மருந்து இல்லாமல் ஸ்டென்ட் மட்டும் என்ன தரும் என்பது. கேள்வி வேறு, எனவே பதிலும் வேறு. ஒரே ஆய்வை வைத்துக் கடைசித் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரியான ஒப்பீடு எவ்வளவு பெரிய நம்பிக்கையையும் அசைக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. காசநோய் வந்தால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் படுத்து ஓய்வெடுத்து, முட்டையும் பாலும் சாப்பிட்டால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்துக்குப் போனது. மற்றது நெருக்கடியான, வறுமையான வீட்டிலேயே இருந்து, அதே மாத்திரைகளை ஓராண்டு சாப்பிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை அதிகம் ஏறியது. ஆனால் குணமானதில் இரு குழுவும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் பரவவும் இல்லை. 1959இல் முடிவு வந்த பிறகு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டை நோக்கித் திரும்பியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

யாருக்குச் செய்த ஆய்வு என்று பார்க்காமல் தனக்கு எடுத்துக்கொள்வது

2020 ஜூனில் பிரிட்டனின் 'ரிக்கவரி' ஆய்வு கொரோனாவுக்கு டெக்ஸாமெத்தசோன் பயன்படும் என்று அறிவித்தது. மலிவான, எல்லாக் கடையிலும் கிடைக்கும் ஸ்டீராய்டு. உண்மையிலேயே பெரிய செய்தி. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2லிருந்து 23.3. ஆனால் அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் இருந்தார்கள். அவர்களில் மருந்து இல்லாமல் 14 சதவீதமும் மருந்தோடு 17.8 சதவீதமும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் இருப்பதற்கான அறிகுறியே அதில் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தது.

2021 இரண்டாம் அலையில் நம் நாட்டில் அந்தக் கடைசி வரி காணாமல் போனது. ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்தவர்கள்கூடக் காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே வீட்டில் ஸ்டீராய்டு சாப்பிட்டார்கள். சர்க்கரை எகிறியது. அந்த மாதங்களில் பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்குக் கட்டுப்படாத சர்க்கரையும் தேவையில்லாத ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். கண்ணை இழந்தவர்கள் உண்டு. ஆய்வு எழுதி வைத்திருந்ததை முழுதாகப் படித்திருந்தால் பலருக்கு இது நேர்ந்திருக்காது என்று நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சிறு குழுக்களாகப் பிரித்துப் பிரித்துப் பதில் தேடுவது

மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று 1988இல் நிரூபித்தது 'ஐசிஸ்-2' ஆய்வு. 17,187 நோயாளிகள். வயது வாரியாக, அது வாரியாக, இது வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்குப் பாடமாக, ஆய்வாளர்கள் ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மேற்கத்திய கணக்கில் மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல் என்று வந்தது! மற்ற ராசிகளுக்கு நல்ல பலன். மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 'ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, புகைபிடிக்காத பெண்களுக்கு மட்டும் பலன்' என்று செய்தி வந்தால் உடனே நம்பிவிடுகிறோம். இரண்டும் ஒரே வகைக் கணக்காக இருக்கலாம். அந்தப் பிரிவை ஆய்வு தொடங்கும் முன்பே திட்டமிட்டார்களா என்று பாருங்கள்.

ஆய்வில் சேர அழைக்கும்போது செய்யும் தவறுகள்

பெரிய மருத்துவமனைகளில் இதயநோய், நுரையீரல் நோய்க்குப் போகிறவர்களை ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்பது சகஜம். பயந்து ஓடவும் வேண்டாம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். 'எனக்கு எது நல்லதோ அதைத்தான் தருவார்' என்று நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. குலுக்கல் முறை ஆய்வில் உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, குலுக்கல் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கென்று சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசில்லை. எதை எண்ணப்போகிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்தது அதில் இருக்கும். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் யாராவது படிக்கத் தெரிந்தவரோடு உட்கார்ந்து படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு விதிகளில் இடம் இருக்கிறது.

சேர்ந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன லேகியத்தையோ வேறு டாக்டர் எழுதிய மாத்திரையையோ ஆய்வுக் குழுவிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். இரவில் நெஞ்சுவலி என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், ஆய்வில் இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். அதன் ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு, இன்னொன்றை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள்.