செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? அழிக்கும் முன் கோளாறு கோடைப் (code) படியுங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் நிற்கும் விளக்கின் நிறத்தை முதலில் பாருங்கள். சிவப்பு ஆயில் கேன் படம் என்றால் ஆயில் பிரஷர் விழுந்துவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க் வரைகூட ஓட்டாதீர்கள். சமதளமாகப் பார்த்து ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

மஞ்சள் இன்ஜின் படம்தான் செக் இன்ஜின் விளக்கு; அது அவ்வளவு அவசரமில்லை. நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் இரண்டொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போய்விடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கோளாறு என்ன என்று வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் கோடும் (code) அழிந்துபோகலாம், கோளாறு வந்த நேரத்தில் இருந்த வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போகும். ஸ்டியரிங்குக்குக் கீழே அந்தக் கணினியோடு இணைக்க உதவும் 16 பின் ஓபிடி (OBD) சாக்கெட் இருக்கும். புளூடூத் அடாப்டரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போன் ஆப்பில் கோடைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. உடனே பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை வாங்க ஓடாதீர்கள். இன்ஜின் ஆறியதும், பெரும்பாலும் 10 எம்எம் போல்ட் ஒன்றுதான், முதல் காயிலைக் கழற்றி இரண்டாவதன் இடத்தில் மாட்டுங்கள், இரண்டாவதை இங்கே. கோடை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கோட் பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்குகளையும் இப்படியே மாற்றிப் பாருங்கள். கழற்றிய பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. பிளக்கும் இடம் மாறியும் கோட் அசையவில்லையா? அடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரஷன். அது மெக்கானிக் வேலை.

பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் (MAF) சென்சார் உள்ள வண்டியானால் அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள்; உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது.

கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்ததும் பலர் கன்வெர்ட்டரையே மாற்றிவிடுகிறார்கள். சைலன்சர் குழாய் இணைப்பில் கசிவு, பழைய ஆக்சிஜன் சென்சார், கவனிக்காமல் விட்ட மிஸ்ஃபயர் ஆகியவையும் இதே கோடைக் கொண்டுவரும். அவற்றைப் பார்த்த பிறகே அந்தச் செலவு.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, ஆப்பில் பெண்டிங் கோட் பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள். சரியாகாத கோளாறு விளக்கு எரியும் முன்பே பெரும்பாலும் அங்கே தலைகாட்டிவிடும்.