சர்ஜிக்கல் ஸ்டேப்ளரில் இருக்கும் லாக்குகள்: ஆபரேஷன் தியேட்டருக்குப் புதியவர்களுக்கு

சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச். ஆகட்டும், ஓ.எம்.ஆர். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஆகட்டும், தியேட்டரில் புதிதாக ஸ்க்ரப் நிற்கிறவர் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்) கையில் சீக்கிரமே ஒரு லீனியர் கட்டரை, அதாவது நேர்கோட்டில் பின் போட்டு வெட்டும் ஸ்டேப்ளரைக் கொடுத்து "லோட் பண்ணுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் அதில் எந்த லாக் எதைத் தடுக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் டெமோவில் சொல்வார்தான், ஆனால் அதில் பாதி விற்பனைப் பேச்சாக இருக்கும்.

ஃபயரிங் ட்ரிகரை அழுத்தினால் இரண்டு வேலை நடக்கிறது: திசுவில் வரிசை வரிசையாக ஸ்டேப்பிள் பின் இறங்குகிறது, அதன் பின்னாலேயே கத்தி வந்து நடுவில் வெட்டுகிறது. பின் இறங்காமல் கத்தி மட்டும் ஓடிவிட்டால் குடலோ ரத்தக்குழாயோ அப்படியே திறந்துகொள்ளும். லாக்குகள் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பயத்தில் வைத்தவைதான்.

தாடை முழுசாக மூடிப் பூட்டாமல் ஃபயரிங் ட்ரிகர் வேலை செய்யாது. காஸ் சிலிண்டரில் ரெகுலேட்டர் சரியாக உட்காராமல் குமிழ் திரும்பாதே, அதே ஏற்பாடு. சில மாடல்களில் இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. மெட்ட்ரானிக் கம்பெனியின் எண்டோ ஜி.ஐ.ஏ. ஸ்டேப்ளரில் பச்சைப் பட்டனை அழுத்திய பிறகுதான் கைப்பிடி ஃபயருக்குத் தயாராகும். அந்தப் பட்டன் சர்ஜனுடையது. உதவி செய்கிறேன் என்று நீங்கள் அழுத்திக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, ஒருமுறை ஃபயர் ஆன காட்ரிட்ஜை (பின்கள் அடங்கிய, மாற்றிப் போடும் பகுதி) மறுபடி ஃபயர் பண்ண விடாத லாக். பல கருவிகளில் இது எப்படி வேலை செய்கிறது என்றால், புது காட்ரிட்ஜின் பின்முனையில் பின்களைத் தள்ளும் சின்னச் சறுக்கு ஒன்று இருக்கும், கத்தி அதன் மேல் தாங்கி நின்றுதான் முன்னே போக முடியும். ஃபயர் ஆன காட்ரிட்ஜில் அந்தச் சறுக்கு முன்முனைக்குப் போய்விட்டிருக்கும், தாங்க ஆளில்லாத கத்தி கீழே இறங்கி ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றுவிடும். காட்ரிட்ஜே போடாவிட்டாலும் இதே கதைதான். அதனால் புதுசு போட்டும் ட்ரிகர் நகரவில்லை என்றால், லோட் செய்யும்போது சறுக்கு இடம் மாறிவிட்டதா, காட்ரிட்ஜ் பாதிதான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாடையைத் திறந்து, வெளியே எடுத்து, வேறொன்றை மாட்டுங்கள். பலம் போட்டு அழுத்தக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும். லாக் உடைந்தால் கத்தி வெறுமனே ஓடும்.

காட்ரிட்ஜ் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே கழற்றிவிடாதீர்கள். தாடையில் அது 'க்ளிக்' என்று உட்கார்ந்த பிறகு கழற்றினால் போதும், இல்லையென்றால் பின்கள் கீழே விழும். அப்புறம் சர்ஜனிடம் கொடுக்கும்போது உங்கள் விரல் ஃபயரிங் ட்ரிகர் பக்கமே போக வேண்டாம். காட்ரிட்ஜின் நிறத்தையும் (பின்னின் உயரத்தைக் காட்டுவது) நீளத்தையும் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்: "நீலம், அறுபது". ஏனென்றால் தாடைக்கு நடுவில் இருக்கும் திசு மெல்லிசா தடிப்பா, அதற்குள் கிளிப் மாட்டியிருக்கிறதா, நாசோகேஸ்ட்ரிக் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) போயிருக்கிறதா என்று எந்த லாக்குக்கும் தெரியாது. எத்திகான், மெட்ட்ரானிக், மெரில் என்று ஒரே அலமாரியில் மூன்றும் கிடக்கும் தியேட்டரில், ஒரு கம்பெனி நிறத்தை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள். மூடிய பிறகு சர்ஜன் 15 விநாடி சும்மா நிற்பது தயக்கத்தில் இல்லை, திசு அமுங்கட்டும் என்று காத்திருக்கிறார்.

குடலின் இரண்டு முனைகளை வட்டமாக இணைக்கும் சர்குலர் ஸ்டேப்ளர் வேறு மாதிரி. குமிழைத் திருகத் திருக ஆன்வில் (பின்களை மடக்கும் எதிர்த்தட்டு) நெருங்கிவரும், குறிமுள் பச்சைப் பட்டைக்குள் வந்தால்தான் லாக்கை எடுக்க முடியும். வந்த உடனே எடுத்துவிடாமல், சர்ஜன் வாய்விட்டுச் சொன்ன பிறகு எடுப்பதுதான் நல்ல பழக்கம். ஃபயர் ஆன பிறகு குமிழை எத்தனை சுற்று திருப்பி வெளியே எடுப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். வெளியே வந்ததும் டோனட் (வெட்டுப்பட்டு வரும் திசு வளையம்) இரண்டும் முழு வளையமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் மிகையான ஜாக்கிரதை என்று தோன்றினால் ஒரு கணக்கு. 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர் தொடர்பாக மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ.வுக்கு 41,000க்கும் மேல் புகார்கள் போயின, அவற்றில் 366 மரணத்தைப் பற்றியவை. 2021இல் உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்களை முதல் வகுப்பிலிருந்து கட்டுப்பாடு கூடிய இரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள்.

உங்கள் தியேட்டரில் ஒன்று தவறாக ஃபயர் ஆனால், நோயாளியைக் கவனித்து முடித்ததும், கருவியையும் காட்ரிட்ஜையும் குப்பையில் போடாமல் எடுத்துவையுங்கள், லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015 முதல் மெட்டீரியோவிஜிலென்ஸ் திட்டம் இருக்கிறது. அங்கே புகார் போகும் முன்னால் கம்பெனி ஆள் வந்து "நான் மாத்தித் தர்றேன்" என்று பழையதை வாங்கிக்கொண்டு போக விடாதீர்கள்.